இலவச கேமை எந்தக் கடையில் வைப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொழுதுபோக்காகக் கேம் செய்யும் மாணவர்கள் அதைக் கணினி கேம் கடையான ஸ்டீம், போனில் உள்ள பிளே ஸ்டோர் போன்ற பெரிய தளங்களில் இலவசமாக ஏற்றிவிட வேண்டியதுதானே, காசா பணமா என்ற தொனியில் உங்கள் இளைஞர் பக்கத்தில் வந்த யோசனையைப் படித்தேன். காசும் ஆகும், காசைவிடப் பெரிய இழுபறியும் ஆகும். நம் சேலத்தில் கருப்பூரிலிருந்து அம்மாப்பேட்டை வரை கல்லூரிப் பிள்ளைகள் கோடாட், யூனிட்டி ஆகிய எஞ்சின்களில், அதாவது கேம் செய்யும் மென்பொருள்களில், ஆடுபுலி ஆட்டம், பல்லாங்குழி, அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவில் பஸ் ஏற்றுவது என்று எதையாவது செய்து பார்க்கும் காலம் இது. அவர்கள் பணம் கட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில இருக்கின்றன.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலவச கேம் என்றால் பிரவுசரில் ஓடும் வடிவில் இட்ச் என்ற கேம் பகிரும் தளத்தில் முதலில் வையுங்கள். பிளே ஸ்டோர் அதற்கு அடுத்தது, அதுவும் வருடா வருடம் பராமரிக்க மனம் இருந்தால். ஸ்டீம், அடுத்த கேமை விற்கப் போகிறவர்களுக்கு. ஆப்பிள் பக்கம் இப்போதைக்கு வேண்டாம்.

ஸ்டீமை எடுத்துக்கொள்வோம். 2017 ஜூனில் ஸ்டீம் டைரக்ட் முறை வந்ததிலிருந்து ஒவ்வொரு கேமுக்கும் 100 டாலர் கட்ட வேண்டும். நம் பணத்தில் ஒன்பதாயிரம் ரூபாய் அளவு. அந்த கேம் 1,000 டாலர் சம்பாதித்தால் இந்தத் தொகை திரும்ப வரும். இலவச கேம் எதையும் சம்பாதிக்காது, ஆகவே எதுவும் திரும்பாது. கட்டிய அன்றே வெளியிடவும் முடியாது. பணம் கட்டிய நாளிலிருந்து 30 நாள் பொறுக்க வேண்டும். ‘விரைவில் வருகிறது’ என்ற பக்கம் குறைந்தது இரண்டு வாரம் பொதுவில் நிற்க வேண்டும். கடைப் பக்கத்துக்கு ஒரு பரிசீலனை, கேம் கோப்புக்கு ஒரு பரிசீலனை. ஒவ்வொன்றுக்கும் மூன்று முதல் ஐந்து வேலை நாள். செமஸ்டர் லீவு விட்ட பிறகு பணம் கட்டினால் கல்லூரி திறந்த பிறகுதான் கேம் வெளியே வரும்.

அதற்கும் முன்னால் அடையாளம், வங்கிக் கணக்கு, வரி விவரம் மூன்றையும் சரிபார்ப்பார்கள். இலவசமாகத்தானே கொடுக்கிறோம், வங்கிக் கணக்கு எதற்கு என்று கேட்டுப் பயனில்லை. அந்தப் படிவங்களைத் தாண்டாமல் உள்ளே விடமாட்டார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் இதுதான்: இனிஷியல். பாஸ்புக்கில் ‘எஸ். முருகன்’, பான் அட்டையில் ‘முருகன் செல்வராஜ்’, ஆதாரில் வெறும் ‘முருகன்’ என்று இருக்கிறது என வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு ஒரே ஆள். படிவத்தைச் சரிபார்ப்பவருக்கு மூன்று பேர். பெயர் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பினால் மறுபடி முதலிலிருந்து. எனவே பணம் கட்டும் முன் வங்கிக்குப் போய்க் கணக்கின் பெயரைப் பான் அட்டையில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து மாற்றி வாங்கிவிட வேண்டும். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம். 2020 அக்டோபரிலிருந்து புதிதாகக் கொடுக்கும் கார்டுகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்த நிலையில் வருகின்றன.

படங்களின் பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றும். தலைப்புப் படம் 920க்கு 430 பிக்சல், முதன்மைப் படம் 1232க்கு 706, சிறிய படம் 462க்கு 174, செங்குத்துப் படம் 748க்கு 896, நூலகத்துக்கு 600க்கு 900, நூலகப் பின்னணிக்கு 3840க்கு 1240. இவற்றோடு குறைந்தது ஐந்து ஸ்கிரீன்ஷாட். ஒரே ஓவியத்தை இழுத்தும் சுருக்கியும் எல்லா அளவுக்கும் போட்டால் சிறிய படத்தில் கேமின் பெயர் எறும்பு வரிசை போலத் தெரியும். சிறிய படத்துக்குப் பெயரை மட்டும் பெரிதாக எழுதிய தனி வடிவம் வேண்டும். படத்தின் மேல் ‘இலவசம்’, ‘அருமை’ என்றெல்லாம் எழுத விதி இடம் தராது. கேமின் பெயர் மட்டுமே இருக்கலாம்.

கோப்பை ஏற்றும்போது பெரும்பாலும் நடக்கும் தவறு ஒன்று உண்டு. ஸ்டீமில் கேமின் கோப்புகள் ‘டெப்போ’ என்ற கட்டாகப் போகும். அந்த டெப்போவை ‘பேக்கேஜ்’ என்பதற்குள் சேர்த்தால்தான் ஆடுபவரின் கணினிக்கு இறங்கும். சேர்க்க மறந்தாலும், ஏற்றிய பில்டை, அதாவது ஓடத் தயாரான கேம் கோப்புகளை, எல்லோருக்கும் போகும் ‘டீஃபால்ட்’ கிளையில் நிறுத்த மறந்தாலும், தொடங்க வேண்டிய கோப்பின் பெயரை அமைப்புப் பக்கத்தில் ஓர் எழுத்து பிசகி எழுதினாலும் கேம் நிறுவப்பட்டது போலவே தெரியும், திறக்காது. செய்தவரின் கணினியில் பழைய கோப்பு இருப்பதால் அவருக்கு மட்டும் ஓடும். வெளியிடும் முன் இன்னொரு வீட்டில், இன்னொரு கணினியில் இறக்கிப் பார்க்காதவர்கள் முதல் நாளே கெட்ட விமர்சனம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். இலவசம் என்பதால் ஆடுபவர் பொறுத்துப் போவார் என்று நினைக்க வேண்டாம். காசு கொடுத்தவராவது இரண்டு மணி நேரம் முட்டி மோதுவார்; இலவசமாக எடுத்தவர் ஐந்து நிமிடத்தில் மூடிவிட்டுக் கட்டைவிரலைக் கீழே காட்டிவிடுவார்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஸ்டீமே கூடாது என்று சொல்லமாட்டேன். அடுத்த வருடம் ஒரு கேமை நிஜமாகவே விற்கும் எண்ணம் இருந்தால், சின்ன இலவச கேமை வைத்து இந்த மொத்தச் சடங்கையும் ஒருமுறை கடந்து பார்ப்பது நல்ல பழக்கம். டெப்போ குழப்பம் விற்கிற கேமின் வெளியீட்டு நாளில் வருவதைவிட இதில் வருவது மேல். ஒன்பதாயிரத்தை டியூஷன் ஃபீஸ் என்று எழுதிக்கொள்ளலாம். செய்த கேம் அது ஒன்றுதான், அத்துடன் வேலை தேடப் போகிறேன் என்பவருக்கு அந்தப் பணம் வீண்.

பிளே ஸ்டோர் வேறு மாதிரி. கட்டணம் ஒரே முறை 25 டாலர். எத்தனை கேம் வேண்டுமானாலும் போடலாம். பதினெட்டு வயது முடிந்திருக்க வேண்டும், ஆகவே பள்ளிப் பிள்ளைகள் பெற்றோர் பெயரில்தான் திறக்க முடியும். இங்கே பணத்தைவிட ஆள்தான் பிரச்சினை. 2023 நவம்பர் 13க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கு என்றால், பொதுவில் வெளியிடும் முன், நீங்கள் அழைத்தவர்கள் மட்டும் ஆடிப் பார்க்கும் மூடிய சோதனை ஒன்றை நடத்தியே ஆக வேண்டும். முதலில் 20 சோதனையாளர் கேட்டார்கள். 2024 டிசம்பரில் அதை 12 ஆகக் குறைத்தார்கள். அந்த 12 பேரும் 14 நாள் தொடர்ச்சியாகச் சோதனையில் சேர்ந்தே இருக்க வேண்டும்.

பன்னிரண்டு பேர் என்றால் ஒரு வகுப்பறையின் இரண்டு பெஞ்ச்தானே என்று தோன்றும். நடப்பதைப் பாருங்கள். வாட்ஸ்அப் குழுவில் இணைப்பைப் போடுகிறீர்கள். ஒருவரின் போனில் இரண்டு ஜிமெயில் கணக்கு. நீங்கள் பட்டியலில் சேர்த்தது கல்லூரி மெயில், பிளே ஸ்டோர் திறந்திருப்பது அப்பாவின் மெயிலில். ‘இந்த ஆப் கிடைக்கவில்லை’ என்று வரும். இன்னொருவர் இணைப்பைத் திறந்தார், ஆனால் ‘சோதனையாளராகச் சேர்’ என்ற பொத்தானை அழுத்தவில்லை. அவர் கணக்கில் வரமாட்டார். மூன்றாமவர் பத்தாம் நாள் சோதனையிலிருந்து விலகுகிறார். எண்ணிக்கை 11க்கு இறங்குகிறது, தொடர்ச்சி அறுகிறது. ஆகவே 18, 20 பேரைப் பிடித்து வையுங்கள். ஒவ்வொருவரிடமும் ‘பிளே ஸ்டோரைத் திறந்து வலது மேல் மூலையில் உள்ள படத்தைத் தொட்டால் என்ன மெயில் தெரிகிறது?’ என்று கேட்டு, அதையே பட்டியலில் எழுதுங்கள்.

14 நாள் முடிந்ததும் தானாகத் திறந்துவிடாது. வெளியீட்டு அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது சோதனையாளர்களை எப்படிச் சேர்த்தீர்கள், அவர்கள் என்ன சொன்னார்கள், அதைக் கேட்டு எதை மாற்றினீர்கள் என்று கேட்பார்கள். ‘எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள்’ என்று எழுதினால் இன்னும் சோதியுங்கள் என்று திருப்பிவிட வாய்ப்பு அதிகம். சோதனை நடக்கும்போதே இரண்டு முறையாவது திருத்திய பதிப்பை ஏற்றி, ‘புலி நகரும் கட்டம் சின்னத் திரையில் விரலுக்கு அகப்படவில்லை, 48 பிக்சல் அளவுக்குப் பெரிதாக்கினோம்’ என்கிற மாதிரி குறித்து வைத்தால் அந்தப் பதிலை எழுதக் கஷ்டமே இல்லை. நீ என்னுடையதைச் சோதி, நான் உன்னுடையதைச் சோதிக்கிறேன் என்று முகம் தெரியாதவர்கள் கூடும் குழுக்கள் இருக்கின்றன. ஆள் கணக்கு நிரம்பும், கேமைப் பற்றி ஒரு வார்த்தை கிடைக்காது.

கவனிக்க வேண்டிய இன்னொன்று, பிளே ஸ்டோரின் தனிநபர் கணக்கில் உங்கள் சட்டப்பூர்வப் பெயரும் நாடும் மெயில் முகவரியும் பொதுவில் தெரியும். பணம் வாங்கும் கேம் என்றால் வீட்டு முகவரியும் தெரியும். மாணவிகள் இதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும், யாரும் சொல்வதில்லை. குறைந்தபட்சம் அதற்கென்று தனி மெயில் ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். ஸ்டீமிலும் இட்சிலும் வெளியில் காட்டும் பெயரை நீங்களே வைத்துக்கொள்ளலாம்.

‘இலவசம்’ என்று பிளே ஸ்டோரில் வெளியிட்ட கேமைப் பின்னால் விலைக்கு மாற்ற முடியாது என்பதும் பலருக்குத் தெரியாது. மனம் மாறினால் வேறு பெயரில், புதிய கேமாக, பூஜ்யம் இறக்கத்திலிருந்து தொடங்க வேண்டும்.

கடையைத் திறக்க ஆகும் செலவைவிடத் திறந்து வைத்திருக்க ஆகும் செலவு அதிகம் என்பது இங்கேதான் தெரியும். புதிய ஆண்ட்ராய்டு பதிப்புக்கு ஏற்றபடி கேமை வருடந்தோறும் மறுபடி கட்டி ஏற்ற வேண்டும். 2025 ஆகஸ்ட் 31 முதல் புதிய கேமும் புதுப்பிப்பும் ஆண்ட்ராய்டு 15ஐக் குறிவைத்திருக்க வேண்டும் என்பது விதி. சும்மா விட்டால், புதிய போன் வாங்கியவர்களின் தேடலில் உங்கள் கேம் வராமல் போகும். மறுபடி கட்டுவது என்றால் ஒரு பொத்தான் வேலை இல்லை. மூன்றாம் ஆண்டில் செய்த யூனிட்டி கோப்பைப் புதிய யூனிட்டியில் திறந்தால் பாதி செருகுநிரல்கள் சிவப்பு எழுத்தில் கத்தும். அதற்குள் செய்தவர் பெங்களூரில் வேலையில் இருப்பார், அந்த லேப்டாப் தம்பியிடம் இருக்கும். விடாமல் பராமரிக்க நினைப்பவர் பில்ட் செய்த எஞ்சின் பதிப்பு எண்ணையும், கேம் உங்களுடையது என்று காட்டும் கையொப்பக் கோப்பையும், அதன் கடவுச்சொல்லையும் லேப்டாப்புக்கு வெளியே ஓரிடத்தில் எழுதி வைக்க வேண்டும்.

தரவுப் பாதுகாப்புப் படிவம் ஒன்று உண்டு. தனியுரிமைக் கொள்கைப் பக்கமும் கட்டாயம், ஒரு தகவலும் சேகரிக்காத கேமுக்கும்கூட. குழந்தைகள் ஆடும் கேமில் விளம்பரத்தைச் செருகினால் விதிகள் இரட்டிப்பாகும். விளம்பரமும் இல்லை, கணக்கு திறப்பதும் இல்லை, இணைய அனுமதியே கேட்பதில்லை என்று கேமைச் செய்துவிட்டால் படிவம் பத்து நிமிட வேலை. தாயம் செய்கிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: சோழி உருட்டுவதில் தவறில்லை, அதில் நிஜப் பணம் வைத்து ஆடும் வசதி சேர்த்தால் 2025ஆம் ஆண்டின் ஆன்லைன் கேமிங் சட்டம் குறுக்கே நிற்கும்.

ஆப்பிளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வருடத்துக்கு 99 டாலர், ஒரு மேக் கணினி. ஒரு வருடம் கட்டாமல் விட்டால் கேம் கடையிலிருந்து போய்விடும். இலவச கேமுக்கு வருடா வருடம் வாடகை கட்டுவது நியாயமான செலவாக எனக்குப் படவில்லை.

இட்ச் தளத்துக்குக் கட்டணம் கிடையாது, காத்திருப்பும் கிடையாது. விரும்பினால் ஆடுபவர் ஏதாவது கொடுக்கலாம் என்று வைத்துக்கொள்ளலாம். தளத்துக்கு எவ்வளவு பங்கு என்பதையும் நீங்களே தீர்மானிக்கிறீர்கள். மாற்றாமல் விட்டால் பத்து சதவீதம். முக்கியமான வசதி, கேம் பிரவுசரிலேயே ஓடும். இணைப்பைத் தொட்டால் போதும், பாட்டியும் ஆடுவார்.

பிரவுசர் பதிப்பைக் கட்டும்போது கவனிக்க வேண்டியவை இவை. ஏற்றுமதி செய்த கோப்புகளை ஜிப் செய்யும்போது, கேமைத் தொடங்கும் இண்டெக்ஸ் கோப்பு ஜிப்பின் முதல் அடுக்கிலேயே இருக்க வேண்டும். ஒரு ஃபோல்டருக்குள் போட்டு அந்த ஃபோல்டரை ஜிப் செய்தால் வெள்ளைத் திரைதான். ஜிப்புக்குள் 1,000 கோப்புக்கு மேல் கூடாது, விரித்தால் 500 எம்பியைத் தாண்டக் கூடாது. கோப்புப் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பேதம் உண்டு. விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாது; நிரலில் சின்ன எழுத்தில் ‘புலி’ என்று கூப்பிட்டு, படத்தின் பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்கியிருந்தால் உங்கள் கணினியில் ஓடும், பிரவுசரில் புலி மட்டும் காணாமல் போகும். ஒலி தானாகத் தொடங்காது. ஆடுபவர் ஒருமுறை தொட்ட பிறகே பிரவுசர் சத்தத்தை அனுமதிக்கும் என்பதால் முதல் திரையில் ‘தொடங்கு’ பொத்தான் அவசியம். கோடாட் 4இல் சி ஷார்ப் என்ற நிரல்மொழியில் எழுதியிருந்தால் பிரவுசருக்கு ஏற்றுமதியே கிடையாது. அதன் சொந்த மொழியான ஜிடிஸ்கிரிப்டில் எழுத வேண்டும். 2024 ஆகஸ்டில் வந்த 4.3 பதிப்பிலிருந்து, ஒரே நேரத்தில் பல வேலைகளை ஓட்டும் ‘பல இழை’ முறை இல்லாத ஏற்றுமதி இருக்கிறது. அதையே பயன்படுத்துங்கள். பழைய முறையில் கட்டினால் இட்ச் பக்க அமைப்பில் தனியாக ஒரு பெட்டியை டிக் செய்ய வேண்டும், அதை மறந்தால் கேம் தொடங்காது.

எடையைக் குறைப்பது அடுத்தது. பின்னணி இசையை சுருக்காத வேவ் கோப்பாக விட்டால் மூன்று நிமிடப் பாட்டு 30 எம்பி ஆகும். ஓஜிஜியாக மாற்றினால் மூன்று எம்பி. சேலம் ஐந்து ரோட்டில் 5ஜி போனில் ஆடுபவருக்கு வித்தியாசம் தெரியாது. ஏற்காட்டில் சிக்னல் ஒரு கோடு காட்டும் எஸ்டேட் லைன் வீட்டில் ஆடுபவருக்குத் தெரியும்.

விண்டோஸ் கோப்பாகவும் வைக்கலாம். ஆனால் செய்தவர் யார் என்று உறுதி சொல்லும் டிஜிட்டல் கையொப்பம் இல்லாத கோப்பைத் திறந்தால் ‘உங்கள் கணினியைப் பாதுகாத்தோம்’ என்று நீலத் திரை எச்சரிக்கும். பாதிப்பேர் அங்கேயே திரும்பிவிடுவார்கள். வாட்ஸ்அப்பில் ஏபிகே என்ற ஆண்ட்ராய்டு நிறுவல் கோப்பாக அனுப்புவது அதைவிடக் கெட்ட பழக்கம். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் வரும் ஏபிகேயைத் தொட்டுப் பணம் இழந்தவர்கள் இருக்கும் ஊரில், முகம் தெரிந்தவர் அனுப்பினால் தொடலாம் என்று நாமே பழக்கிவிடக் கூடாது. பிளே ஸ்டோருக்கு ஆதரவாக நான் ஒப்புக்கொள்ளும் வலுவான காரணம் இது ஒன்றுதான்: ஆப்பாகவே வேண்டும் என்றால் அதன் வழியாக மட்டும் கொடுங்கள்.

எந்தக் கடையாக இருந்தாலும் தமிழில் எழுத்துக் காட்டும் கேமுக்கு இன்னொரு சோதனை பாக்கி இருக்கிறது. யூனிட்டியில் பெரும்பாலோர் பயன்படுத்தும் எழுத்துக் காட்டும் கருவியான டெக்ஸ்ட்மெஷ் புரோ, தமிழ் எழுத்துகளைக் கோர்த்து வடிவமைப்பதில்லை. ‘கொலுசு’ என்று தட்டச்சு செய்தால் ஒற்றைக்கொம்பு முன்னால் போகாமல் ககரத்துக்குப் பின்னால் தொங்கும். ‘சு’ உடைந்து சகரமும் ஒரு வாலுமாக நிற்கும். கோடாட் 4இல் இது சரியாக வரும், 3இல் வராது. ‘கொலுசு, சேலை, பூ, வௌவால், ஸ்ரீ, டீக்கடை’ என்ற ஆறு சொற்களைத் திரையில் எழுதிப் பார்த்தால் எஞ்சின் தமிழ் அறிந்ததா என்பது உடனே தெரியும். உடைந்தால், மாறாத சொற்களைப் படமாக வரைந்து வைப்பதே எளிய வழி. எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரான், மீரா இனிமை மூன்றும் திறந்த உரிமத்தில் இருக்கின்றன. கேமோடு சேர்த்துக் கொடுக்கலாம். ‘சொந்தப் பயன்பாட்டுக்கு இலவசம்’ என்று போட்ட எழுத்துரு அப்படி அல்ல.

இசைக்கும் படத்துக்கும் இதே கதைதான். ‘வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும்’ என்ற உரிமத்தில் எடுத்த இசை இலவச கேமுக்குப் பொருந்தும். ஆறு மாதம் கழித்து ஒரு விளம்பரத்தைச் சேர்த்தால் பொருந்தாது. சினிமாப் பின்னணி இசை எந்த நிலையிலும் பொருந்தாது. பிளே ஸ்டோரில் கணக்கு முடக்கப்பட்டால் அதே ஆள் திறக்கும் அடுத்த கணக்கும் முடக்கப்படும். ஒரு பாட்டுக்காக அந்தக் கதவை இழக்க வேண்டாம்.

இட்சில் போட்டால் யார் பார்ப்பார்கள் என்று கேட்பார்கள். நியாயம்தான், அங்கே தானாக வந்து கண்டெடுப்பவர் குறைவு. ஸ்டீமில் இலவச கேம் தேடுகிற கூட்டம் உண்டு. ஆனால் பல்லாங்குழி தேடுகிற கூட்டம் அங்கே இல்லை, அது உங்கள் சித்தியின் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறது. இருபது பேர் ஆடி, எங்கே விட்டுவிட்டுப் போனார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகு பெரிய கடைக்குப் போவது பற்றி முடிவு செய்யலாம்.

கல்லூரிகளுக்கு ஒரு யோசனை. பிளே ஸ்டோரில் நிறுவனக் கணக்கு எடுத்தால் அந்த 12 பேர் சோதனைக் கட்டாயம் கிடையாது. டன்ஸ் எண் என்ற நிறுவன அடையாள எண் வேண்டும். கல்லூரி ஒரே கணக்கு எடுத்து மாணவர் கேம்களை அதில் வெளியிடலாம், மாணவரின் பெயரும் பொதுவில் வராது. ஆனால் கேம் மாணவருடையது, படிப்பு முடிந்ததும் கேட்டால் அவர் கணக்குக்கு மாற்றித் தரப்படும் என்று முதலிலேயே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். பிளே ஸ்டோரில் கணக்கு விட்டுக் கணக்கு மாற்றும் வசதி இருக்கிறது.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். மாணவர் செய்த கேம் பற்றிச் செய்தி போடும்போது ‘பிளே ஸ்டோரில் தேடவும்’ என்று எழுதாமல், பிரவுசர் இணைப்புக்கான கியூஆர் கோடை அச்சிடுங்கள். நாளிதழ்த் தாளில் மை பரவும். ரொம்பச் சிறிதாகப் போட்டால் போன் படிக்காமல் போகலாம். கறுப்பு வெள்ளையில், சுற்றிலும் கொஞ்சம் வெற்றிடம் விட்டு, தாள் மடியும் இடத்துக்குத் தள்ளிப் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அஸ்தம்பட்டி வாசகர்,
சேலம்-7.